பனிமலையில் ஒரு பருவம்: தயாராகிப் போங்கள்



எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வுகள் முடிந்ததும் இந்தப் பக்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "வெளிநாட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் வேலை செய்துவிட்டு வரலாமா?" என்பதுதான் அது. முன்பு பழத்தோட்டத்தையும் உணவகத்தையும் பற்றிக் கேட்டார்கள். அண்மைக் காலமாகப் பனிமலையைப் பற்றிக் கேட்கிறார்கள். கைப்பேசியில் ஓடும் காணொளிகள்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். சிவப்புச் சட்டையும் அதன் முதுகில் வெள்ளைச் சிலுவையும் அணிந்த ஒருவர் வெண்பனியில் சறுக்கிக்கொண்டு இறங்குகிறார். அவர் பின்னால் ஒரு மீட்பு நாய் ஓடி வருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரரை ஆங்கிலத்தில் 'ஸ்கீ பேட்ரோலர்' என்கிறார்கள். தமிழில் பனிமலைக் காவலர் என்று சொல்லலாம். அந்த வேலையில் எப்படிச் சேர்வது, அதற்கு என்ன படிக்க வேண்டும், அதை நம்பிப் போகலாமா என்று இந்த ஆண்டு மட்டும் பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

இதை எழுத எனக்கு ஓரளவு தகுதி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்தின் தென் தீவில், குவீன்ஸ்டவுன் பக்கத்து மலை ஒன்றில் ஒரு குளிர்காலம் வேலை செய்திருக்கிறேன். நான் காவலராக இருக்கவில்லை. சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் ஊழியராக இருந்தேன். பனியைப் பெயர்த்து வழி சரிசெய்வதும், பிள்ளைகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதும், யாராவது விழுந்தால் லிஃப்டை நிறுத்துவதும்தான் என் வேலை. காவலர்களின் குடில் எங்கள் மேல் நிலையத்துக்கு அடுத்ததாக இருந்தது. அதனால் 12 வாரங்கள் அவர்களோடு தேநீர் குடித்து, அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பருவம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வருவது நல்லது. ஆனால் காவலர் வேலை என்பது விமானச் சீட்டு எடுத்ததும் கிடைத்துவிடும் வேலை அல்ல. அதற்கான பயிற்சியின் முதல் பகுதியை இங்கே, நம் ஊரிலேயே முடித்துவிட முடியும். இங்கே தொடங்காதவர்கள் அங்கே போய்ப் பனியில் நின்று படம் மட்டுமே எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

காவலர் என்ன செய்கிறார்?

தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. நியூசிலாந்தில் பனிச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய ஜூன் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கும். கோரோனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ், கார்ட்ரோனா, ட்ரெபிள் கோன், மவுண்ட் ஹட் ஆகியவை தென் தீவில் பலரும் அறிந்த இடங்கள். காலையில் அங்கே போகும் சுற்றுலாப் பயணிக்குச் சீராக வாரிவிட்டதுபோல் இருக்கும் பனிப்பாதைதான் கண்ணில் படும். அதைத் திறப்பதற்கு முன் நடந்த வேலை அவருக்குத் தெரியாது.

காவலர்கள் விடியுமுன்பே மலை ஏறுகிறார்கள். இரவில் எவ்வளவு பனி பெய்தது, காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசியது, வெப்பநிலை எப்படி மாறியது என்று குறித்துக்கொள்கிறார்கள். தேவைப்பட்டால் பனியில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, அதன் சுவரில் தெரியும் அடுக்குகளைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கிறார்கள். லிஃப்ட் கம்பங்களைச் சுற்றியுள்ள மெத்தைகள் சரியாக இருக்கின்றனவா, எச்சரிக்கைப் பலகைகள் பனியில் புதைந்துவிட்டனவா, கயிறு கட்டித் தடுத்த இடங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். சரியும் அபாயம் உள்ள சரிவுகளில் வெடிபொருள் வைத்து, ஆட்கள் வருவதற்கு முன்பே பனியைச் சரியவிடுகிறார்கள். அதன்பிறகுதான் பாதை திறக்கப்படும்.

பகலில் அவர்கள் இடுப்பில் உள்ள வானொலிக் கருவி ஓயாது. பலகையில் சறுக்குபவர்களுக்கு மணிக்கட்டு முறிவதும், ஸ்கீ அணிந்தவர்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவதும் அடிக்கடி நடக்கும். தோள் விலகுவது, தலையில் அடிபடுவது, நெஞ்சுவலி என்று மற்றவையும் வரும். காயம்பட்டவருக்கு அந்த இடத்திலேயே கட்டுப்போட்டு, சறுக்குவண்டியில் படுக்க வைத்துக் கட்டி, காவலர் தாமே முன்னால் நின்று அதைச் செங்குத்தான பனியில் இறக்கிக்கொண்டு வருவார். வண்டியில் இருப்பவர் சில நேரம் காவலரைவிட இரு மடங்கு எடை இருப்பார். மாலையில் லிஃப்ட் நின்றதும் காவலர்கள் மலை உச்சியிலிருந்து வரிசையாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதையிலும் குரல் கொடுத்துக்கொண்டே இறங்குவார்கள். மலையில் யாரும் மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அன்றைய வேலை முடியும்.

பனி ஏன் சரிகிறது?

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். பனி ஒரே நாளில் பெய்து முடிவதில்லை. அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஓர் அடுக்கு உறுதியாக இருக்கும். அதற்கு அடியில் இருக்கும் இன்னோர் அடுக்கு சர்க்கரைத் தூள்போல் ஒட்டாமல் இருக்கும். காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவித்துவிட்டால், ஒட்டாத அந்த அடுக்கின்மேல் பாரம் கூடுகிறது. ஒருவர் சறுக்கிப் போகும் எடையே போதும், மேலே உள்ள முழு அடுக்கும் பலகைபோல் உடைந்து இறங்கிவிடும். இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில் நடக்கின்றன. அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி எளிதில் நகராது. அதைவிடக் கூடினால் பனி அங்கே அதிகம் சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குவதற்கு மனிதர்கள் விரும்பும் சாய்வும் பனி சரியும் சாய்வும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் சிக்கல்.

ஒருவர் பனிக்குள் புதைந்துவிட்டால் நேரமே எல்லாம். முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்துவிட்டால் மூச்சுக்காற்று இல்லாமல் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நகரத்திலிருந்து மீட்புக் குழு வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் மலைமேல் வேலை செய்பவர்கள் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஒரு சிறிய கருவியை உடம்போடு கட்டிக்கொள்கிறார்கள். புதைந்தவரின் கருவி அனுப்பும் சைகையை மற்றவரின் கருவி பிடிக்கும். பிறகு நீண்ட கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும். இதைக் காவலர்கள் வாரந்தோறும் பழகினார்கள். ஒரு முறை என்னையும் மண்வாரி பிடிக்கச் சொன்னார்கள். சரிந்து நின்ற பனி சிமெண்டுபோல் இறுகியிருந்தது. ஐந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது.

ஒன்றும் நடக்காத நாள்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இரவெல்லாம் பனி பெய்திருந்தது. காலையில் வானம் தெளிந்துவிட்டது. கீழே கார் நிறுத்துமிடம் நிறைந்து வழிந்தது. ஆனால் மேல் லிஃப்டைத் திறக்கக் காவலர் குழுவின் தலைவி அனுமதிக்கவில்லை. நாற்பது வயதைக் கடந்த பெண்மணி அவர். இருபது குளிர்காலங்களை மலையில் கழித்தவர். காற்று கொண்டுவந்து குவித்த பனி உச்சிக்குக் கீழே ஒரு பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருப்பதாக வானொலியில் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியவில்லை. நாள் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு எவ்வளவு நேரம் நிற்பது என்று என்னிடம் கோபப்பட்டார்கள். மேலாளர் ஒருவர் இரண்டு முறை வந்து எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். தலைவி இரண்டு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "தயாரானதும்."

நான்கு மணி நேரம் கழித்து மேலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பனி சரிந்து பள்ளத்தில் படிந்தது. பாதையைச் சரிபார்த்துத் திறந்தார்கள். பிற்பகல் முழுவதும் நூற்றுக்கணக்கானோர் அந்த இடத்தைக் கடந்து சறுக்கினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மாலையில் அந்தக் குழுவுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

வருமுன் காப்பது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் பார்த்தது அந்த மலையில்தான். குழாய் நீரைச் சோதிப்பவர், மின்கம்பியைச் சரிபார்ப்பவர், கொசு ஒழிப்புப் பணியாளர், பள்ளிப் பேருந்தின் பிரேக்கைப் பார்ப்பவர் ஆகிய எல்லோருக்கும் இதே நிலைதான். அவர்கள் சரியாக வேலை செய்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. வேலையைத் தேர்ந்தெடுக்கப் போகும் வயதில் இருக்கும் உங்களுக்கு இதை ஒரு கேள்வியாக வைக்கிறேன். கைதட்டல் இல்லாத வேலையைப் பொறுப்போடு செய்ய உங்களால் முடியுமா? முடியும் என்றால் உங்களுக்குப் பல துறைகள் திறந்திருக்கின்றன.

தகுதி எங்கே தொடங்குகிறது?

இந்தத் தொழிலின் வரலாறே முதலுதவியிலிருந்துதான் தொடங்குகிறது. 1936இல் காப்புறுதித் தொழிலில் இருந்த சார்ல்ஸ் மைனட் டோல் என்ற அமெரிக்கர் வெர்மாண்ட் மாநிலத்தில் சறுக்கும்போது கணுக்கால் முறிந்து பனியில் கிடந்தார். உதவி எளிதில் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஒருவர் சறுக்குப் போட்டியில் விபத்துக்குள்ளாகி இறந்தார். டோல் இதை விதி என்று விட்டுவிடவில்லை. 1938இல் நேஷனல் ஸ்கீ பேட்ரோல் என்ற அமைப்பைத் தொடங்கினார். மலையிலேயே முதலுதவி தெரிந்தவர்கள் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றும் அமெரிக்காவில் காவலர்களில் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

இன்று ஒருவர் காவலராக மூன்று திறன்கள் வேண்டும். முதலாவது, எந்தப் பனியிலும் எந்தச் சாய்விலும் பாரத்தை இழுத்துக்கொண்டு சறுக்கும் திறன். இரண்டாவது, மருத்துவமனைக்கு முந்திய அவசரச் சிகிச்சைச் சான்றிதழ். சாதாரண ஒருநாள் முதலுதவி வகுப்பு இதற்குப் போதாது. மூன்றாவது, பனிச்சரிவைப் பற்றிய படிப்பு. நியூசிலாந்தில் ஒட்டாகோ பொலிடெக்னிக் போன்ற கல்விக்கூடம் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பனியையும் பனிச்சரிவையும் ஆராயும் ஒரு கழகம் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது.

இவற்றில் முதல் திறன்தான் நமக்கு எட்டாதது. கெந்திங் மலையின் ஸ்னோ வேர்ல்டில் குளிர்ச்சட்டை வாடகைக்கு எடுத்து விளையாடியதுதான் நம்மில் பலருக்கும் பனி அனுபவம். மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பங்கேற்றது 2018இல், தென்கொரியாவின் பியோங்சாங்கில். அப்போது நம் கொடியின்கீழ்ப் பனிச்சறுக்கில் போட்டியிட்ட ஜெஃப்ரி வெப் அமெரிக்காவில் வளர்ந்தவர். சறுக்கு என்பது குழந்தைப் பருவத்திலேயே பனியோடு பழகியவர்களின் கலை. இருபது வயதில் முதன்முதலாகப் பனியைப் பார்ப்பவர் காவலராக வேண்டுமென்றால் பல பருவங்கள் ஆகும். முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் மலையிலேயே லிஃப்ட் ஊழியராகத் தொடங்கி, நான்காவது பருவத்தில் காவலரான ஓர் இளைஞர் இருந்தார். வேலை முடிந்த பிறகும் விடுப்பு நாள்களிலும் அவர் சறுக்கிப் பழகிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது திறன் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் பள்ளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ புலான் சபிட் மேராவோ இருந்தால், புதன்கிழமைப் புள்ளிகளுக்காக மட்டும் அதில் சேராதீர்கள். நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடப் பழகுங்கள். நடந்ததை நடந்தபடி, நேரம் குறித்து, தெளிவான ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதப் பழகுங்கள். காவலர் குடிலில் ஒவ்வொரு விபத்துக்கும் அப்படித்தான் அறிக்கை எழுதினார்கள். பள்ளியில் கற்ற முதலுதவிதான் என்னையும் அந்தக் குடிலுக்குள் அழைத்துச் சென்றது. ஆள் பற்றாக்குறையான நாள்களில் போர்வை எடுத்துத் தரவும், காயம்பட்டவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும் என்னைக் கூப்பிட்டார்கள்.

சம்பளமும் மரியாதையும்

இனி பணத்தைப் பற்றிப் பேசுவோம். நியூசிலாந்தில் பெரியவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலர் என்று உயர்த்தப்பட்டது. வெளிநாட்டவருக்கும் அதே விகிதம்தான். வாரம் 40 மணி நேரம் என்று பெருக்கினால் 940 டாலர் வரும். ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்தால் கண் விரியும். ஆனால் அந்தக் கணக்கு அங்கேயே முடிவதில்லை. வரி போகும். குவீன்ஸ்டவுன் போன்ற சுற்றுலா நகரத்தில் அறை வாடகை கடுமையானது, அறை கிடைப்பதும் அரிது. காற்று பலமாக வீசும் நாளில் லிஃப்ட் ஓடாது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அன்று வருமானமும் இருக்காது. அப்படி ஒரே வாரத்தில் மூன்று நாள்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பருவம் முடித்துத் திரும்பும்போது விமானச் சீட்டுப் போகக் கையில் ஓரளவு மிஞ்சினால் அது நல்ல பருவம். குடும்பக் கடனை அடைக்கப் போகிறேன் என்று நினைத்துப் போகாதீர்கள்.

காவலர்களின் நிலையும் பணக்கார நிலை அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி மலையின் காவலர் சங்கத்தினர் 2024 டிசம்பர் 27 அன்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் தொடக்கச் சம்பளம் மணிக்கு 21 டாலர். அதை 23 ஆக்குங்கள் என்று கேட்டார்கள். ஆண்டின் மிகப் பரபரப்பான விடுமுறை வாரத்தில் மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியாமல் போயிற்று. நாள் சீட்டுக்குப் பெரும் பணம் கொடுத்தவர்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பிறகு, மலையை நடத்தும் வேய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் அந்த 2 டாலர் உயர்வுக்கு ஒப்புக்கொண்டது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெடிபொருளைக் கையாள்பவர், உயிர்காக்கும் சிகிச்சை தெரிந்தவர், விடியுமுன் மலையேறுபவர் ஒருவர் தொடக்கத்தில் வாங்கியது அவ்வளவுதான். "விரும்பிச் செய்கிற வேலைதானே" என்பதால் சம்பளம் குறைவாக இருக்கலாம் என்று முதலாளிகள் நினைப்பது எல்லா நாடுகளிலும் உண்டு. ஆபத்தோ உண்மையானது. 2025 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் மேமத் மலையில், பனிச்சரிவைத் தடுக்கும் பணியில் இருந்த இரு காவலர்களே சரிவில் சிக்கினார்கள். அவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை. ஒரு வேலையை நேசியுங்கள். அதே சமயம் அதன் விலையையும் கேட்டு வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசா, முகவர், காப்புறுதி

இந்தப் பகுதியைப் பெற்றோரோடு சேர்ந்து படியுங்கள்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு நியூசிலாந்து வேலை-விடுமுறை விசா என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. 18 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். தங்கும் காலம் 6 மாதம். ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் உண்டு. ஒரே முதலாளியிடம் எத்தனை மாதம் வேலை செய்யலாம், எவ்வளவு சேமிப்பைக் காட்ட வேண்டும் என்பவை நாட்டுக்கு நாடு மாறுபடும், அவ்வப்போது திருத்தவும் படும். ஆகவே அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் வரிக்கு வரி படியுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நேரடியாக அனுப்பலாம்.

சுற்றுப்பயணி விசாவில் போய் வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அது சட்டவிரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். பிற்காலத்தில் படிக்கப் போவதற்கும் அது தடையாக நிற்கும். வேலை வாங்கித் தருகிறேன், இவ்வளவு பணம் கட்டு என்று கேட்பவரிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். நியூசிலாந்துச் சட்டப்படி வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் பணம் வாங்குவதே குற்றம். வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். புலனத்தில் வரும் குரல் செய்தி ஒப்பந்தம் ஆகாது. வேலை கொடுப்பதாகச் சொல்லும் மலையின் சொந்த இணையத்தளத்தில் அந்த வேலை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பனிமலைகள் பெரும்பாலும் பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? நியூசிலாந்தில் 1974 முதல் ஏசிசி என்ற அரசாங்க விபத்து இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. யார் தவறு என்று பார்க்காமல், அந்நாட்டில் நேர்ந்த காயத்தின் சிகிச்சைச் செலவில் அது உதவும். வெளிநாட்டவரும் அதில் அடங்குவர். ஆனால் காய்ச்சல், குடல்வால் அழற்சி போன்ற நோய்களை அது ஏற்காது. தாயகம் திரும்பிய பிறகு ஆகும் செலவையும் தராது. எனவே தனிக் காப்புறுதி வேண்டும். அதிலும் பனிமலை வேலையும் சறுக்கும் அடங்கியிருக்கின்றனவா என்று கேட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

கிளம்பும் முன் இன்னொன்று. நீங்கள் உயர்கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தால், பருவத்தை ஒத்திவைக்கும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கடன் இருந்தால் அதற்கு என்ன நிபந்தனை என்று முன்கூட்டியே கேளுங்கள். திரும்பி வந்து படிப்பைத் தொடராவிட்டால் நீங்கள் சம்பாதித்ததைவிட இழந்தது பெரிதாகிவிடும்.

பெற்றோரின் அச்சம்

"வெளிநாட்டு வேலை" என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். நல்ல சம்பளம் என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை நாம் செய்திகளில் படித்தோம். பெற்ற மனம் பதறத்தான் செய்யும். அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், விசாவைக் காட்டுங்கள், தங்கும் இடத்தின் முகவரியையும் காப்புறுதிப் பத்திரத்தின் நகலையும் கொடுங்கள். வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளை என்பதால் மட்டும் தடுக்காதீர்கள். நான் பார்த்த மலையில் எல்லோரும் கேட்டு நடந்தது ஒரு பெண்மணியின் சொல்லைத்தான். மகனுக்கு வைக்கும் அதே நிபந்தனைகளை மகளுக்கும் வையுங்கள். அதே அனுமதியையும் கொடுங்கள்.

நம் மலை

பனி இல்லாத நாட்டில் இருந்துகொண்டு மலைக் காவலைப் பற்றிப் படிப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நமக்கும் மலை இருக்கிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. 'மாலிம் குனோங்' என்று அழைக்கப்படும் அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் அம்மலையடிவாரத்து டூசுன் மக்கள். 2015 ஜூன் 5 காலையில் 6.0 அளவில் நிலநடுக்கம் தாக்கி, பாறைகள் உருண்டபோது 18 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் சிங்கப்பூரிலிருந்து சென்ற தொடக்கப்பள்ளி மாணவர்களும் இருந்தார்கள், மலை வழிகாட்டிகளும் இருந்தார்கள். மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்ததில் வழிகாட்டிகளின் பங்கு பெரியது. அதற்குப் பிறகு தீயணைப்பு மீட்புத் துறை, மலை மீட்புக்கென்றே மொசார் என்ற தனிக் குழுவை அங்கே அமைத்தது.

நியூசிலாந்தின் பனிக்காவலரும் கினபாலுவின் மாலிமும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒருவர் பனியைப் படிக்கிறார், மற்றவர் மழையையும் பாறையையும் படிக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் நம் நாட்டில் மலையேறப் போய் வழிதவறியவர்களும் அருவியில் நீர் திடீரெனப் பெருகிச் சிக்கியவர்களும் செய்தியாகிறார்கள். காட்டையும் நீரையும் மலையையும் படிக்கத் தெரிந்தவர்கள் நமக்கும் வேண்டும். அவர்களில் நம் இளைஞர்கள் எத்தனை பேர்? மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்று மூன்று கதவுகளை மட்டுமே காட்டி வளர்க்கிறோம். அவசர மருத்துவ உதவியாளர், வானிலை ஆய்வாளர், மீட்பு வீரர், மலை வழிகாட்டி என்ற கதவுகளைக் காட்டுவதே இல்லை.

ஆகவே, பனிமலைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். இந்த ஆண்டு முதலுதவிச் சான்றிதழ் ஒன்றைப் பெறுங்கள். வாரம் மூன்று நாள் ஓடுங்கள் அல்லது படியேறுங்கள். பெரியவர் ஒருவரோடு உள்ளூர் மலை ஒன்றில் ஏறி, வானிலையைக் குறிப்பெடுத்துப் பழகுங்கள். செலவுக்கென்று தனியாகச் சேமியுங்கள். அடுத்த ஆண்டு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். முதல் பருவத்தில் லிஃப்ட், சமையலறை, வாடகைக் கடை என்று எந்த வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் சறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காவலர்கள் வேலை செய்வதைக் கூர்ந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். புதுப்பனி புறவூதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் என்பதால் கறுப்புக் கண்ணாடியையும் வெயில் பூச்சையும் மறக்காதீர்கள். நம் தோல் நிறத்துக்கு அது தேவையில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

திரும்பி வந்ததும் கற்றதை இங்கே ஒரு குழுவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளியின் முதலுதவிக் கழகமோ, உங்கள் வட்டாரத் தொண்டூழிய மீட்புக் குழுவோ, எதுவாக இருந்தாலும் சரி. அங்கே ஒரு நல்ல கையை எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.